எம்.எஸ். நோயும் எப்ஸ்டீன்-பார் வைரஸும், யாரும் சொல்லாத ஒரு தடுப்பூசியும்

குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். எனக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் இருக்கிறது. சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்களே அதைத் தாக்கி அரிப்பதுதான் இந்த நோய். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியாரும் பையனும், பக்கத்துப் போர்ஷனில் கொழுந்தனார் குடும்பமும் இருக்கிறார்கள். இருந்தாலும் ரிப்போர்ட் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தது பெரும்பாலும் நான் ஒருத்திதான். முன்னாடியே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பணமும் முக்கால்வாசி பயமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து விஷயத்தில் உங்கள் நரம்பியல் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில் வந்தது வலது கண்ணில். கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று இடது கண்ணை மூடிப் பார்த்தேன், நெற்றியில் வைத்திருந்த குங்குமம் வெளுத்த செங்கல் நிறத்தில் இருந்தது. வலது கண்ணை மூடினால் பழையபடி நல்ல சிவப்பு. திரும்பத் திரும்ப மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணாடிக் கடையில் பவர் ஏறியிருக்கிறது என்று சொல்லி 4,200 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். சில வாரங்களில் பார்வை தானாகவே தெளிந்துவிட்டது, பேர் கண்ணாடிக்குப் போனது. எம்.எஸ். பலருக்கு இப்படித்தான் வந்து, போய், மறுபடி வருகிறது. சரியானது போலத் தெரிவதால்தான் தள்ளிப்போகிறது. கண்ணை அசைத்தால் வலி, ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு மங்குவது, இரண்டும் சேர்ந்து வந்தால் அது கண் நரம்பு அழற்சியாக இருக்கலாம். பவர் பார்ப்பதோடு நிற்காமல் கண் டாக்டரிடம் போய், நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த வருடம் கால்கள். பாதத்தில் தொடங்கிய மரமரப்பு மெல்ல இடுப்புவரை ஏறியது. வயிற்றைச் சுற்றிப் பாவாடை நாடாவை யாரோ இறுக்கி முடிச்சுப் போட்டதைப் போல ஒரு பிடிப்பு, பாவாடையைத் தளர்த்தினாலும் போகவில்லை. விடைத்தாள் திருத்தக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் காலுக்கு ஷாக் அடித்தது. சத்துக் குறைவு என்றார்கள், சுகர் பார்த்தார்கள், பி12 ஊசி போட்டார்கள். ஒரு எலும்பு டாக்டர் இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அதில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. நாற்பது வயதை நெருங்கும் பலருக்கு எடுத்துப் பார்த்தால் அப்படி ஏதாவது இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த டிஸ்க்கை நம்பி பெல்ட், டிராக்ஷன், பிசியோ என்று முப்பதாயிரத்துக்கு மேல் போனது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்த மாதங்கள். கோளாறு இருந்தது கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில், இடுப்பு ஸ்கேனில் அது எப்படித் தெரியும்? மரமரப்பு காலிலிருந்து மேலே ஏறி உடம்பில் ஒரு மட்டத்தோடு நின்றால், கழுத்தைக் குனிந்தால் ஷாக் அடித்தால், இடுப்பு ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா. அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில் கொஞ்ச நேரம் நின்றதும் வலது கண் புகை மூடியது, கால் துணியாகத் துவண்டது. நிழலில் உட்கார்ந்து மோர் குடித்ததும் திரும்பி வந்தது. அம்மன் சோதிக்கிறாள் என்றார் மாமியார், எனக்கோ பக்கவாதம் வருகிறதோ என்று உயிரே போய்விட்டது. உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலும் அரிபட்ட நரம்பு செய்தியைக் கடத்தத் திணறுமாம். ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் 1890-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். சூடு தணிந்தால் சரியாகிவிடும், புதிதாக நரம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் புது அறிகுறி ஒன்று, காய்ச்சலும் வெயிலும் இல்லாமல், 24 மணி நேரம் தாண்டியும் நின்றால் அது வேறு. அதற்கு உடனே போக வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நான் நடுங்கிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். இப்போது மதியப் பாடவேளையைத் தலைமையாசிரியரிடம் கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டேன். கைப்பையில் ஈரத் துண்டு, குளிக்கப் பச்சைத் தண்ணீர்.

கடைசியில் வேலூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். வேலூர் ஆஸ்பத்திரிக்கென்றே கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில்தான். முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற எங்களுக்குத்தான் எந்தத் துறையில் சீட்டு போட வேண்டும் என்று தெரிவதில்லை. நான் பார்த்த நரம்பியல் டாக்டர் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சாயம் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் போய்விட்டது, அவ்வளவுதான். அதைவிட முக்கியமான ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அக்வாபோரின்-4 ஆன்டிபாடி. எம்.எஸ். மாதிரியே வேஷம் போடும் என்.எம்.ஓ. என்ற இன்னொரு நோயைப் பிரித்துக் காட்டுவது இதுதான், 2004-ல் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ்.-க்குக் கொடுக்கிற சில மருந்துகள் என்.எம்.ஓ.வை இன்னும் மோசமாக்கும். அதனால் இந்த ரிசல்ட் வரும்வரை நீண்டகால மருந்து தொடங்க அவசரப்படுத்தாதீர்கள். எனக்கு நெகட்டிவ் வந்தது.

ஸ்டீராய்டு பற்றி ஒன்று. மீத்தைல் பிரெட்னிசலோன், ஒரு நாளைக்கு 1 கிராம், சில நாள் தொடர்ந்து டிரிப்பில் ஏற்றுவார்கள். மருந்து விலை அதிகமில்லை. முதல் தடவை ஒரு நர்சிங் ஹோமில் இதற்காகவே அட்மிட் செய்து, ஏ.சி. அறை வாடகையோடு பில் 38,000 போட்டார்கள். இரண்டாம் தடவை வேறிடத்தில் டே கேரில் காலையில் போய் ஏற்றிக்கொண்டு மதியம் பஸ் ஏறினேன், அதில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சுகர், பிரஷர் தொல்லை இல்லாதவர்கள் டே கேரில் முடியுமா என்று வாய்விட்டுக் கேட்கலாம். வாயில் இரும்புக் கசப்பு, ராத்திரி தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை வரும். மருந்தின் வேலைதான் அது.

இனி வைரஸ் விஷயம். நோயின் பேர் தெரிந்த வாரமே கொழுந்தனார் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினார். ‘அண்ணி, இது ஒரு வைரஸாலதான் வருதாம், கண்டுபுடிச்சிட்டாங்களாம், அந்த வைரஸைக் கொன்னுட்டா முடிஞ்சிது’ என்று. எனக்கும் அப்படியே பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்த வைரஸின் பேர் எப்ஸ்டீன்-பார். ஒரு லேப் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, அதற்கு ரத்தப் பரிசோதனை, எப்ஸ்டீன்-பார் வைரஸ் பேனல் என்று 6,800 ரூபாய் வாங்கிப் போனார். பாசிட்டிவ். இன்னொருவர் வைரஸை வேரோடு அழிக்கும் மூலிகைக் கோர்ஸ் மூன்று மாதத்துக்கு 45,000 என்றார். அந்தத் தொகைதான் என்னை நிறுத்தியது. செயினை அடகு வைக்கும் முன் பாடம் எடுக்கிற புத்தியோடு உட்கார்ந்து ஆராய்ச்சியாளர்கள் என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கினேன்.

எப்ஸ்டீன், அச்சாங், பார் மூவரும் இந்த வைரஸைக் கண்டுபிடித்தது 1964-ல். பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது, நம் ஊரில் பெரும்பாலும் சிறு வயதிலேயே சத்தமில்லாமல் தொற்றிவிடும். வந்தால் போகாது, பி செல் என்ற வெள்ளை அணுக்களுக்குள் ஆயுசுக்கும் பதுங்கியிருக்கும். அப்படியிருக்க என் பேனல் பாசிட்டிவ் வந்ததில் என்ன அதிசயம்? என் மாமியாருக்கு எடுத்தாலும் பாசிட்டிவ்தான் வரும். எம்.எஸ். உறுதியானவருக்கு இந்தப் பரிசோதனையால் சிகிச்சையில் எதுவும் மாறாது. அந்த 6,800 ரூபாயை நீங்கள் மிச்சம் பிடியுங்கள்.

அப்புறம் எல்லோருக்கும் இருக்கிற வைரஸை எதற்குக் குற்றம் சொல்கிறார்கள்? இங்கேதான் ஹார்வர்டில் ஆல்பர்ட்டோ அஷேரியோ குழுவின் வேலை வருகிறது. அமெரிக்க ராணுவத்தில் சேர்பவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மீதியை உறையவைத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல். (எச்.ஐ.வி. என்றதும் எனக்கு நம் வேலூர்தான் ஞாபகம் வரும். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் சோதனைக்கு வந்தது இங்கே சி.எம்.சி. வைராலஜி ஆய்வகத்துக்குத்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் தெரிந்தது அப்படி.) அமெரிக்க ராணுவத்தின் அந்த ரத்தக் கையிருப்பில், பிறகு எம்.எஸ். வந்த 801 பேரின் மாதிரிகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது, நோய் தொடங்கும் முன் எப்ஸ்டீன்-பார் தொற்று இல்லாதவர் ஒரே ஒருவர். தொற்றுக்குப் பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு. வேறு வைரஸ்களுக்கு இப்படி ஏறவில்லை. இந்த முடிவு 2022 ஜனவரியில் வெளிவந்தது. அதாவது இந்த வைரஸ் இல்லாமல் எம்.எஸ். வருவது மிக அபூர்வம், ஆனால் வைரஸ் இருப்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் எம்.எஸ். வருகிறது. மரபணு, வைட்டமின் டி குறைவு, புகை என்று இன்னும் பல சேர வேண்டும். இந்த இரண்டாம் பாதி எந்த ஃபார்வர்டிலும் வருவதில்லை.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனைச் சேர்ந்த மைக்கேல் பெண்டர் என்ற நரம்பியல் டாக்டரின் ஆராய்ச்சி. அஷேரியோ குழுவின் முடிவு வருவதற்கு வெகுகாலம் முன்பு, 2003-லேயே, அவர் ஒரு கருத்தை வைத்தார். எப்ஸ்டீன்-பார் புகுந்த பி செல்களை அடக்கி வைக்க வேண்டியது, வைரஸ் புகுந்த அணுக்களைக் கொல்லும் சிடி8 டி செல் என்ற வெள்ளை அணுக்களின் வேலை. எம்.எஸ். உள்ளவர்களிடம் அந்தக் காவல் பலவீனமாக இருக்கிறது, அதனால் உடம்பையே தாக்கும் பி செல்கள் தப்பித்து மூளைக்குள் போய்த் தங்குகின்றன என்பது பின்னர் அவர் விரித்துச் சொன்ன வாதம். அதே ஊரில் நோய்த்தடைகாப்பு விஞ்ஞானி ராஜீவ் கன்னாவோடு சேர்ந்து, நோயாளியின் சொந்த டி செல்களை எடுத்து, ஆய்வகத்தில் இந்த வைரஸை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப ஏற்றினார்கள். 2018-ல் வெளிவந்த முடிவில், ஏற்றிக்கொண்ட 10 பேரில் 7 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. படித்த ராத்திரியே குவைத்தில் இருக்கும் கணவருக்கு போன் போட்டு, எப்பாடுபட்டாவது ஆஸ்திரேலியா போய்விடலாம் என்று அழுதேன். அவர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார், பாவம். ஆனால் 10 பேர் என்பது ஆரம்பக்கட்டப் பாதுகாப்புச் சோதனை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு அதில் கிடையாது. அதே வழியில், வேறு ஆட்களிடமிருந்து எடுத்த டி செல்களைக் கொண்டு ஒரு கம்பெனி நடத்திய பெரிய சோதனை 2023-ல் முடிந்தபோது, மருந்தில்லாத வெறும் டிரிப் ஏற்றியவர்களைவிட நன்றாக இருந்ததாகக் காட்ட முடியவில்லை. அதைப் படித்த அன்று வகுப்புக்குப் போகவே மனமில்லை. பெண்டரின் கருத்தே பொய்யாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, வழி இன்னும் திறக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பதுங்கியிருக்கும் இந்த வைரஸை அழிக்கும் மாத்திரையோ கஷாயமோ இன்றைக்குக் கிடையாது. யாராவது இருக்கிறது என்று விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது நான் எடுப்பது ரிட்டுக்ஸிமாப், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இது பி செல்களைக் காலி செய்யும் மருந்து. வைரஸ் ஒளிந்திருக்கும் அணுவும் அதே பி செல்தான் என்பதால், இந்த வகை மருந்து எம்.எஸ்.-ல் நன்றாக வேலை செய்ய அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். இந்தியத் தயாரிப்பு 2007 முதலே இருக்கிறது, கம்பெனிக்குக் கம்பெனி விலையில் பல ஆயிரம் வித்தியாசம் வரும், மொத்த மருந்துக் கடைகளில் விசாரியுங்கள். ஆனால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து. வெளியில் வாங்கினால் தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் பேக் வைத்துக் கடையிலிருந்து நேராக வார்டுக்குப் போக வேண்டும். நான் மே மாதத்தில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனபோது சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த மருந்துக்கு முன் எனக்கு ஹெபடைட்டிஸ் பி, டி.பி. இரண்டும் பார்த்தார்கள். ஹெபடைட்டிஸ் பி-க்கு, இப்போது தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏஜி மட்டும் போதாது, முன்பு எப்போதாவது வந்ததா என்று காட்டும் ஆன்டி-எச்.பி.சி. டோட்டல் என்பதையும் பார்க்க வேண்டும். எப்போதோ வந்து ஒளிந்திருக்கும் வைரஸை இந்த மருந்து தட்டி எழுப்பிக் கல்லீரலைக் கெடுத்துவிடும். இதுவரை சரி. சின்னம்மையை யாரும் பார்க்கவில்லை. மருந்து ஏற்றி சில வாரத்தில், பங்குனியில், ஓரகத்தி மகளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. அவள் முந்தின நாள் சாயங்காலம் வரை என் மடியில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதியவள். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை தொற்றும். நான் டாக்டருக்கு போன் செய்தேன். ‘உங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?’ என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டால், ‘உனக்கா உங்க அக்காளுக்கா, யாருக்கோ அம்மா வந்து மூணு தண்ணி ஊத்தினோமே’ என்கிறாள். எங்கள் வீடுகளில் அம்மைக்கு எந்தக் காகிதமும் கிடையாது. ரத்தத்தில் வேரிசெல்லா ஐ.ஜி.ஜி., அதாவது சின்னம்மைக்கான எதிர்ப்புப் பொருள், பார்த்ததில் நெகட்டிவ். எனக்கு வந்ததே இல்லை.

சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்தது. பி செல் மருந்து ஏற்றிய பிறகு அதைப் போடக்கூடாது. மருந்துக்கு நாலு வாரமாவது முன்னால் போட்டு முடித்திருக்க வேண்டும். அந்த வாசல் எனக்கு அடைபட்டுவிட்டது. டாக்டர் உடனே வேறு வீட்டுக்குப் போகச் சொன்னார், எந்த நாளில் தொடங்க வேண்டும் என்று குறித்து வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதினார். மாமியார் விடவில்லை. ‘அம்மா வந்திருக்கிற ஊட்டை உட்டுட்டு எங்கம்மா போற, ஆவாதும்மா’ என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. ‘அத்தை, எனக்கு வந்தா நுரையீரலுக்குப் போயிடும்னு சொல்றாங்க, பையனைப் பாத்துக்குங்க’ என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், தாம்பாளத்தில் மஞ்சளும் வேப்பிலையும் வைத்து என் தலையைச் சுற்றிப் போட்டு, ‘போயிட்டு வா’ என்றார். பேரணாம்பட்டில் அம்மா வீட்டில் மூன்று வாரம். 21 நாள் வரை கொப்புளம் வரலாம் என்பதால் காலையில் எழுந்ததும் கையையும் வயிற்றையும் வெளிச்சத்தில் பார்ப்பதே வேலை. வரவில்லை. சம்பளம் பிடித்தம், மாத்திரை, பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ஆனது. முன்னாலேயே போட்டிருந்தால் தடுப்பூசி இரண்டு டோஸுக்கு நாலாயிரம், ஐந்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

ஆகவே எம்.எஸ். என்று தெரிந்த வாரத்தில், எந்த வைரஸால் வந்தது என்று கேட்பதைவிட, எந்த வைரஸுக்கு எனக்கு எதிர்ப்பு இல்லை என்று கேளுங்கள். வேரிசெல்லா ஐ.ஜி.ஜி., ஹெபடைட்டிஸ் பி, தேவைப்பட்டால் தடுப்பூசி, எல்லாம் முதல் டிரிப்புக்கு முன்னால். உயிரில்லாத தடுப்பூசிகளும் இரண்டு வாரமாவது முன்னால் போட்டால்தான் உடம்பு எதிர்ப்பைச் சரியாக உருவாக்கும். நோய் வேகமாக இருந்து காத்திருக்க முடியாத நிலை என்றால் அதை டாக்டர் முடிவு செய்யட்டும், ஆனால் கேள்வி உங்கள் வாயிலிருந்து வரட்டும். வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடலாம், எங்கள் பையனுக்குப் போட்டாயிற்று. நான் ஒவ்வொரு வருடமும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறேன். அறுபது பிள்ளைகள் இருமும் வகுப்பில் நிற்கிறவளுக்கு அது வேண்டும்.

பணத்துக்கு ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் மருந்தும் ஸ்கேனும் வருமா என்று ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் முதலிலேயே கேளுங்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் இருக்கிறது. நான் சான்றிதழுக்குப் போன இடத்தில் ஒருவர், ‘நல்லாத்தானே நடந்து வர்றீங்க’ என்றார். சண்டை போடவில்லை, சட்டப் பட்டியலின் அச்சுப் பிரதியை எடுத்து நீட்டினேன். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும், அதனால் நரம்பியல் டாக்டரிடம் கண், கால், சிறுநீர், களைப்பு எல்லாவற்றையும் எழுதிக் கடிதம் வாங்கிப் போங்கள், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும் சேர்த்து. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கைக்கு வந்ததும் ஜெராக்ஸ் நாலைந்து எடுத்து வையுங்கள், எல்லா கவுன்ட்டரிலும் ஒன்று கேட்கிறார்கள்.